ஷிப்ட் முடிந்ததும் எழுதும் பாட்டு

கச்சேரி அழைப்பிதழ்களில் 'நெய்வேலி' என்ற ஊர்ப்பெயர் அடிக்கடி கண்ணில் படும். பாடகர் நெய்வேலி சந்தானகோபாலன், மிருதங்கக் கலைஞர் நெய்வேலி வெங்கடேஷ் என்று அந்த வரிசையில் பலர் உண்டு. சந்தானகோபாலனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருதை மியூசிக் அகாடமி அறிவித்தது. பழுப்பு நிலக்கரி தோண்டவும் மின்சாரம் எடுக்கவும் கட்டிய ஒரு தொழில் நகரியம் கர்நாடக இசைக்கு இத்தனை பேரைத் தந்திருப்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் பாடுகிறவர்கள் கிடைத்த அளவுக்கு அந்த ஊருக்குப் பாட்டு கிடைக்கவில்லை. சுரங்கத்தைப் பற்றி, ராத்திரி ஷிப்டைப் பற்றி, எண் போட்ட குடியிருப்பு வட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு பாட்டு சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், சட்டென்று நாக்கில் வருவது எதுவும் இல்லை. இது ஆள் பற்றாக்குறையால் வந்த குறை என்று நான் நினைக்கவில்லை. பகலில் வேலை, மாலையில் கிட்டார் என்று இருப்பவர்கள் எல்லாத் தொழில் ஊர்களையும் போல இங்கேயும் இருக்கத்தான் செய்வார்கள். தங்களுடைய பாட்டு யாருக்கானது என்பதில்தான் அவர்களுக்குக் குழப்பம். புதிய தமிழ்ப் பாட்டை எழுதுவதற்கு மிகத் தோதான நிலையில் இருப்பவர் மாதச் சம்பளம் வாங்கும் பகுதிநேரப் பாட்டுக்காரர்தான் என்பதும், அந்த வசதியை அவர் சினிமாப் பாட்டை முன்மாதிரியாக வைத்தே வீணடிக்கிறார் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஊரின் குணத்தைப் பார்க்க வேண்டும். 1930களில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததைக் கவனித்து அரசாங்கத்தின் காதுக்குக் கொண்டுபோனவர் ஜம்புலிங்க முதலியார். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரிப் படுகை வெளிச்சத்துக்கு வந்தது, 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. அதற்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும், கேரளம் ஆந்திரத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குவார்ட்டர்ஸ்களில் குடியேறினார்கள். தாலாட்டும் நடவுப்பாட்டும் ஒப்பாரியும் கும்மியும் ஒரு கிராமத்தில் தங்குவதற்குக் காரணம், தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் அங்கேயே இருப்பதுதான். யார் கட்டிய பாட்டு என்று தெரியாமலே பேத்தி வாய்க்கு வந்துவிடும். நெய்வேலி நகரியத்தில் ஓய்வு பெற்ற உடன் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது, முப்பத்தைந்து வருஷம் இருந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு வடலூருக்கோ கடலூருக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள். வீடு யாருடைய சொந்தமும் இல்லாத ஊரில் பாட்டுக்கும் வாரிசு கிடையாது. பழைய பாட்டு தானாக மிஞ்சாத இடத்தில், யாராவது உட்கார்ந்து புதிதாக எழுதினால்தான் உண்டு.

எழுதக்கூடியவர் யார் என்ற கேள்விக்குத் தமிழ் இசையின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. நெய்வேலியிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மாயூரத்தில் மாவட்ட முன்சீப்பாக இருந்தவர் வேதநாயகம் பிள்ளை (1826–1889). 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்ற நாவலால் பெயர் நின்றுவிட்டதால், அவர் பெரிய பாட்டுக்காரர் என்பதைப் பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லித் தருவதில்லை. நீதிமன்றத்தில் வழக்கு, வீட்டில் வீணை என்று இருந்தவர். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' 1878இல் அச்சேறின. கடவுளைப் பாடியதோடு நிற்கவில்லை அவர். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் குடும்பத்தில் நடக்கும் அல்லல்களையும் பெண்களின் படிப்பையும் கீர்த்தனை வடிவத்துக்குள் கொண்டுவந்தார். கோயில் மானியத்திலோ சமஸ்தானத்துச் சம்பளத்திலோ வாழ்ந்த ஒருவர் லஞ்சத்தைப் பற்றிப் பல்லவி போட்டிருப்பாரா என்பது சந்தேகம். அவருக்குப் பிறகு கோடீஸ்வர ஐயர் சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 72 மேளகர்த்தா ராகங்களிலும் தமிழில் கிருதி செய்தார். பெரியசாமித் தூரன் (1908–1987) பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனவர். பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பிப்பது எந்த ஷிப்டுக்கும் குறைந்த வேலை ஆகாது. அதற்கு நடுவில் அவர் எழுதிய நூற்றுக்கணக்கான பாட்டுகளில் பல இன்றைக்கும் கச்சேரியின் துக்கடாப் பகுதியில் கேட்கக் கிடைக்கின்றன. மதுரையில் குடும்பத்தை நடத்திக்கொண்டே பல மொழிகளில் பாட்டு எழுதியவர் அம்புஜம் கிருஷ்ணா. வரிகளுக்கு மெட்டுப் போட்டுத் தந்தவர்கள் இசைக்கலைஞர்கள்.

இவர்களுக்கெல்லாம் வேலை தடையாக இருந்தது, அதையும் மீறி எழுதினார்கள் என்று வழக்கமாகச் சொல்வோம். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. வேலை அவர்களுக்குப் பல வழிகளில் கைகொடுத்தது. சோறு வேறு இடத்தில் வெந்துவிடுவதால், பாட்டை வாங்குகிறவனின் ருசிக்கு எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. அது ஒரு வழி. அடுத்தது, வேலை செய்யும் இடமே பொருளைத் தருகிறது. முன்சீப்புக்கு லஞ்சம் தெரிந்தது அப்படித்தான். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தவர். பஸ் டிப்போவின் உலகத்தை 'நெடுஞ்சாலை' நாவலுக்குள் அவர் கொண்டுவந்ததும், விருத்தாசலம், நெய்வேலி அடங்கிய நடுநாட்டு மக்களின் பேச்சைச் சொல்லகராதியாகத் தொகுத்ததும் அந்த மண்ணிலும் அந்த வேலையிலும் நின்றபடிதான். நாவலில் நடந்தது பாட்டில் நடக்க முடியாதா என்ன? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஷிப்ட் வாழ்க்கைக்குப் பொருந்துகிற கலை வடிவம் பாட்டு. நாவலுக்கு நீண்ட காலைப் பொழுதுகள் வேண்டும், நாடகத்துக்குப் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்க வேண்டும். பதினாறு வரிப் பாட்டை மனசிலேயே வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகலாம், கன்வேயர் பெல்ட் ஓரம் நடக்கலாம், ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கலாம். பேனா இல்லாமல் திருத்தக்கூடிய எழுத்து அது. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்துக் கலைஞர்களில் பலர் சீசன் இல்லாத மாதங்களில் விவசாயத்துக்கும் கூலிக்கும் போகிறவர்கள். அவர்களைப் பகுதிநேரக் கலைஞர்கள் என்று யாரும் இளக்காரமாகச் சொல்வதில்லை.

இப்படிப்பட்ட பாட்டுக்குத் தேவை ஒரு குரல், கூட ஒரு கருவி. மின்னணுச் சத்தம் வேண்டாம், பின்னால் முப்பது வயலினும் வேண்டாம். அக்கூஸ்டிக் பாட்டு என்று இப்போது சொல்வது இதைத்தான். கிட்டார் என்பதால் இதை மேற்கத்திய இறக்குமதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. தம்பூராவோடு பாடியவரும் உடுக்கையோடு கதை சொன்னவரும் செய்தது இதே வேலை. கிட்டாரின் வசதி, ஒரே ஆள் பாடிக்கொண்டே சுருதியும் தாளமும் ஓரளவு இணைப்பிசையும் தர முடிவது. அதன் சங்கடங்களையும் மறைக்கக் கூடாது. கழுத்தில் ஃப்ரெட் எனும் உலோகப் பட்டைகள் பதித்திருப்பதால் சுரங்கள் படிக்கட்டு போல நிற்கும். கமகத்துக்குக் கம்பியை விரலால் இழுத்துத்தான் வளைக்க வேண்டும், அதுவும் கொஞ்ச தூரம்தான். ஆகவே தோடி போன்ற ராகங்கள் கிட்டாரில் அடம்பிடிக்கும். சங்கராபரணம், மோகனம், நடபைரவி, கீரவாணி போன்றவற்றின் சாயல் கொண்ட மெட்டுகள் கார்டுகளோடு எளிதாக ஒத்துப்போகும். ஐந்து, ஆறு சுரங்களுக்குள்ளேயே சுற்றும் நாட்டார் மெட்டுகள் இன்னும் எளிது. சுருதி விஷயம் புதிதாக ஆரம்பிப்பவர்கள் தவறவிடும் இடம். யூட்யூபில் பார்த்த கார்டுகளை அப்படியே பிடித்துக் குரலை அதற்கு இழுப்பார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டும். பெண் குரல்கள் பல ஐந்தரைக் கட்டைக்குப் பக்கத்தில் சௌகரியமாக இருக்கும். ஜி கார்டின் விரல் அமைப்பையே வைத்துக்கொண்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டினால் அந்தச் சுருதி கிடைத்துவிடும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு சி கார்டு நேராகவே பொருந்தும். நமக்குத் தெரிந்த கட்டைக் கணக்குக்கும் கிட்டாரின் கணக்குக்கும் இவ்வளவுதான் தூரம்.

பக்கத்து ஊரான பண்ருட்டிக்குக் கிட்டார் செய்வதிலும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாமரத்தில் குடைபவை. அந்த மரத்துக்குப் பேர்போன இடம் பண்ருட்டி. கிட்டாரின் மேல்பலகையோ பெரும்பாலும் குளிர் நாட்டு ஊசியிலை மரம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது உப்பி, கம்பிகள் கழுத்தை விட்டு உயர்ந்து, விரலுக்கு வலி கொடுக்கும். சித்திரை வெயிலில் சுருங்கும். கடலூர் மாவட்டத்துக் காற்றில் ஒரு கிட்டாரைப் பழுதில்லாமல் வைத்திருப்பதே தனி வேலை. வாசித்து முடித்ததும் கம்பியின் வியர்வையைத் துடைத்து, சமையலறைச் சுவரை ஒட்டி வைக்காமல், உறைக்குள் போட்டுவைப்பது குறைந்தபட்ச மரியாதை.

சொல்லுக்கு வருவோம். தமிழில் பாட்டு கட்டுபவர் முதலில் மதிக்க வேண்டியது குறிலையும் நெடிலையும். ஆங்கிலப் பாட்டின் மெட்டை மனசில் வைத்துத் தமிழ்ச் சொற்களை அதற்குள் திணிப்பவர்கள் இடறும் இடம் இதுதான். மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்தால் 'குடை' என்று எழுதியது 'கூடை' என்று கேட்கும், 'படம்' 'பாடம்' ஆகும், மழைப் பாட்டு சந்தைப் பாட்டாகிவிடும். 'ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வாரேன், ரோட்டுக் கடையில புகை கெளம்புது' என்று உதாரணத்துக்கு ஒரு வரியை வைத்துக்கொள்ளலாம். 'ரா', 'வா', 'ரோ' ஆகிய நெடில்கள் தாளத்தின் தட்டில் விழுந்தால் வரி தானாகப் பாடும். அதே பொருளை 'இரவுப் பணி முடிந்து வருகிறேன்' என்று ஏட்டுத் தமிழில் எழுதிப் பாருங்கள். முன்பகுதி முழுக்கக் குறில்கள் ஓடி, நீட்ட இடமில்லாமல் மூச்சு வாங்கும். பேச்சுத்தமிழ் கொச்சை என்று தயங்குபவர்களுக்கு இந்தத் தாளக் கணக்கே போதுமான பதில். அதோடு, நடுநாட்டுப் பேச்சுக்கு என்றே ஒரு நடை இருக்கிறது. சென்னையில் எழுதும் சினிமாப் பாட்டில் அது வராது. அந்த நடையைப் பாட்டுக்குள் கொண்டுவரக்கூடியவர்கள் அதைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களே.

இந்த வாதத்துக்கு வரும் முதல் எதிர்ப்பு எனக்குத் தெரிந்ததுதான். முழுநேரமும் சாதகம் செய்பவருக்கே பாட்டு கைகூடுவதில்லை, மிச்ச நேரத்தில் செய்பவரிடமிருந்து அரைகுறை தவிர வேறென்ன வரும் என்பார்கள். குரல் வளத்திலும் விரல் வேகத்திலும் இது உண்மை. எட்டு மணி நேரம் சுரங்கத்தில் நின்றவர் முழுநேர வித்வானைப் போல ஆலாபனை செய்ய முடியாது, செய்ய முயல்வதும் வீண். ஆனால் பாட்டைக் கட்டுவது வேறு திறமை. சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) கடை வைத்துப் பிழைத்தவர். அவருடைய இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு மெட்டமைக்க உதவியவர்கள் அவரிடம் பாடம் கேட்ட இருவர் என்பது இசை வரலாறு சொல்லும் செய்தி. வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது, குரல் மூன்றாமவருடையது என்றிருப்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வட்டத்தில் வயலின் வாசிக்கும் ஆசிரியையும், கோயில் விழாவில் தவில் வாசிப்பவரும் சேர்ந்தால் கிட்டார்க்காரரின் குறை பாதி தீர்ந்துவிடும். உலகத்திலும் உதாரணம் பஞ்சமில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின் வேதியியல் பேராசிரியர், அமெரிக்காவின் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டு நிறுவனம் நடத்தியவர். அரைகுறை என்ற பயத்தில் அசலான கவலை வேறொன்று: திருத்தாமல் வெளியிடுவது. பகுதிநேரக்காரருக்குக் கெடு கிடையாது, தயாரிப்பாளர் கதவைத் தட்டுவதில்லை. ஒரு பாட்டை மூன்று மாதம் ஆறப்போட்டுத் திருத்தும் வசதி சினிமாக் கவிஞருக்குக் கிடையாது, இவருக்கு உண்டு. அதைப் பயன்படுத்தாமல் எழுதிய ராத்திரியே செல்போனில் பதிவேற்றுபவர்மேல் அரைகுறை என்ற பழி விழுந்தால் அதை மறுப்பதற்கில்லை.

அடுத்த எதிர்ப்பு கனமானது. யார் கேட்பார்கள்? கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுவும் ஆண்டுவிழா மேடையும் கேட்பது சினிமாப் பாட்டு. புதுப் பாட்டு ஆரம்பித்தால் ஜனங்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். இணையத்தில் போடலாமே என்றால் அங்கேயும் வாசல் உயரம். யூட்யூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க ஆயிரம் சந்தாதாரர்களும் ஓராண்டில் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஓராண்டில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்குக் காசே கிடையாது. இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் நெய்வேலிப் பாட்டு தோற்ற பாட்டு. ஆனால் கணக்கையே மாற்ற வேண்டும் என்பதுதான் என் பக்கம். சம்பளம் வாங்குகிறவருக்கு லட்சம் கேட்பவர்கள் எதற்கு? தன் பாட்டில் வரும் தெருவை நடந்து தெரிந்த முப்பது பேர் போதும். இங்கிலாந்தின் டர்ஹாம் நிலக்கரிச் சுரங்கத்தில் சிறு வயதிலேயே வேலைக்குப் போன டாமி ஆம்ஸ்ட்ராங் (1848–1920) எழுதிய பாட்டுகள் அவர் ஊர் மதுக்கடைகளிலும் தொழிலாளர் மண்டபங்களிலும் பாடப்பட்டன, ஒற்றைத் தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு விற்கப்பட்டன. 1882 பிப்ரவரியில் ட்ரிம்டன் கிரேஞ்ச் சுரங்கம் வெடித்தபோது, ஏற்கெனவே ஊரறிந்த ஒரு மெட்டில் அந்தச் சாவுகளைப் பாட்டாக்கினார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பணம் திரட்ட அது உதவியது. நம்மிடமும் இதே வழக்கம் இருந்தது. வெள்ளம், ரயில் விபத்து, கொலை எதுவானாலும் சில நாட்களில் சிந்தாகக் கட்டி மலிவுப் பதிப்பாகத் தெருவிலும் சந்தையிலும் பாடி விற்றார்கள். குஜிலிப் புத்தகங்கள் என்று ஏளனமாகப் பேசப்பட்ட அவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் மதிப்போடு எடுத்து எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடியவர், தாமே பாட்டுகள் எழுதி அச்சிட்டும் விற்றவர். இவர்கள் யாரும் பெரிய சந்தைக்கு எழுதவில்லை. கேட்பவர் முன்னால் நிற்கிறார், பாட்டு அவரைப் பற்றியது. அவ்வளவே.

ஆகவே பகிர்வது என்றால் முதலில் உள்ளூரில் பாடிக் காட்டுவது. ஒரு வீட்டு வாசல், நூலகத்தின் ஒரு அறை, பூங்காவில் ஒரு மூலை. ஒலிபெருக்கி இல்லாமல் இருபது பேர். புதுப் பாட்டு அங்கேதான் பழுக்கும். எந்த வரியில் ஆட்கள் செல்போனைப் பார்த்தார்கள் என்பது எந்த விமர்சகரும் சொல்லாத பாடம். பதிவு அதற்குப் பிறகு வரட்டும். அதற்கும் ஸ்டுடியோ தேவையில்லை. மின்விசிறியையும் முடிந்தால் ஃபிரிட்ஜையும் நிறுத்தி, ஜன்னலுக்குக் கனமான போர்வை போட்டு, ஒரு கை நீளத்துக்குத் தள்ளி செல்போனை வைத்து, அதைக் கிட்டாரின் வாய்க்கு நேராகக் காட்டாமல் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்துக்குக் காட்டினால் அதிர்வு குறைந்து வரிகள் தெளிவாக விழும். அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் வீட்டில் கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்த பாட்டுகளே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வந்தன, ஸ்டுடியோவில் மறுபடி பாடியது அந்த அளவுக்கு வரவில்லை என்பதால். பெயர் போடும் விஷயத்தில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே கறாராக இருக்க வேண்டும். 2021இல் உலகம் சுற்றிய 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டில் யார் எழுதினார், யார் மெட்டமைத்தார், யாருக்குப் பெருமை என்பது அடுத்த ஆண்டே பொதுச் சண்டையாயிற்று. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் அதில் பங்குள்ள இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் சொன்னார். கோடிக்கணக்கில் கேட்கப்பட்ட பாட்டின் கதையே இதுவென்றால், பிரபலமாவதைக் குறிக்கோளாக வைப்பவர் யோசிக்க வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பதிவுக்கு ஓர் உரிமை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடும், அரசிடம் பதிவு செய்வது கட்டாயமில்லை. வரிக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, படைத்தவர் இறந்து அறுபது ஆண்டு வரை நிற்கும். யார் என்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு, வரியும் மெட்டும் குரலும் தந்த எல்லோரும் கையெழுத்திட்டால் நட்பு மிஞ்சும். சினிமா மெட்டில் புது வரி போடுபவர்களுக்கு இந்த உரிமை பாதிதான், மெட்டு வேறொருவருடையது. ஊர் மெட்டு அப்படி இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி வருவது எனக்கே முழுப் பதில் இல்லாத எதிர்ப்பு. சம்பளம் சுதந்திரம் தருகிறது என்றேன். ஆனால் அதே சம்பளம் வாயைக் கட்டவும் செய்யும். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், அலுவலக வேலை கெடாதவரை அவ்வப்போது கலை, இலக்கியப் பணி செய்ய முன் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. அரசை விமர்சிப்பதற்கு அதே விதிகளில் தடை உண்டு. நெய்வேலி நிறுவனம் போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு அவற்றுக்கென விதிகள் இருக்கின்றன, எழுதுபவர் அவற்றை ஒருமுறை படித்துவிடுவது உத்தமம். நெய்வேலியில் பாட்டாக வேண்டியவை எல்லாமே சாந்தமான விஷயங்கள் இல்லை. 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் செத்தார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் சுரங்க நிறுவனத்தின் வாய்க்காலை வெட்டுவதற்காக, வயலில் நின்ற நெற்பயிரில் இயந்திரங்கள் இறங்கின. நகரியத்தின் வேலைக்கும் கிராமத்தின் நிலத்துக்கும் நடுவில் இருக்கும் இந்த வழக்கைத் தொடாமல் ஊர்ப் பாட்டு எழுதுகிறேன் என்றால் அது விளம்பரப் பாட்டாகத்தான் முடியும். நேரடியாகக் குற்றம் சாட்டாமல் சொல்வதற்குப் பாட்டில் இடம் இருக்கிறது என்பது மட்டும் ஓர் ஆறுதல். பயிர் போனவரின் குரலில் ஒரு சரணம், அதே நிலத்தில் வேலை கிடைத்தவரின் குரலில் அடுத்த சரணம் என்று வைத்தால், பாட்டுக்காரர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுவதைப் பற்றி 2017இல் 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். சாம்பலும் சகதியும் பாட்டுக்கு ஆகாத பொருள் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பாடியவர் அந்த நிலையத்தில் வேலை பார்ப்பவர் அல்ல என்பதையும் நான் மறக்கவில்லை.

நிரந்தரச் சம்பளம் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளி என் வாதத்துக்குள் சரியாக அடங்கமாட்டார் என்பதும் உண்மை. ஓவர்டைமும் இரண்டாவது வேலையும் தின்றது போக அவருக்கு மிச்ச மாலை எது? வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்க்கும் பெண்களுக்கும் இதே கதிதான். அம்புஜம் கிருஷ்ணாவுக்கு இருந்த வசதி எல்லா வீட்டிலும் இல்லை. கிட்டார் வாங்க முடிந்தவர் மட்டும் எழுதும் ஊர்ப் பாட்டு பாதி ஊரின் பாட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் வாசல் கூட்டத்துக்கு நகரியத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்திலிருந்தும் வடக்குத்திலிருந்தும் ஒப்பாரியும் கும்மியும் தெரிந்தவர்களை அழைப்பது உபசாரமாக இல்லாமல் அவசியமாகிறது. அவர்கள் வாயில் மெட்டு இருக்கிறது, எழுதிவைக்கவும் பதிந்துவைக்கவும் ஆளில்லை. நகரியத்தில் கருவியும் நேரமும் இருக்கின்றன, பழைய மெட்டு இல்லை. இரண்டையும் சேர்த்து வரும் பாட்டில் அந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு சங்கம் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நெய்வேலியில் ஆண்டுதோறும் பெரிய புத்தகக் கண்காட்சி நடக்கிறது. மாலை மேடையில் எழுத்தாளர்களைக் கௌரவிக்கிறார்கள். தினமணியோடு சேர்ந்து சிறுகதைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள், குறும்படத்துக்கும் போட்டி வைத்திருக்கிறார்கள். அதே வரிசையில் சொந்தப் பாட்டுக்கு ஒரு மாலையைக் கேட்டு வாங்கலாம். நிபந்தனை நாலு போதும்: எழுதியவரே வந்து நிற்க வேண்டும், ஒரு கருவிக்கு மேல் கூடாது, சினிமா மெட்டு ஆகாது, பாட்டில் வரும் இடம் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். பரிசாகப் பணம் கொடுப்பதைவிட, தேறிய பத்துப் பாட்டுகளைச் சுரக்குறிப்போடும் கார்டுகளோடும் சின்னப் புத்தகமாக அச்சிட்டு அடுத்த ஆண்டு அதே கண்காட்சியில் பத்து ரூபாய்க்கு விற்கலாம். ராத்திரி ஷிப்டில் இருப்பவர்களுக்காக நிகழ்ச்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் ஒருமுறை நடத்த வேண்டியிருக்கும்.